85ஆ 50ஆ என்பதற்கு முன், எத்தனை அடி?

குடியாத்தத்திலிருந்து நீங்கள் கேட்டது இது: கையில் கேனான் 200டி, பெட்டியோடு வந்த 18-55, 55-250 லென்ஸ்கள். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், வீட்டு விசேஷம் என்று சுற்றுவட்டாரத்தில் படம் எடுக்கிறீர்கள். 25,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. போர்ட்ரெய்ட்டுக்கு 85 எம்எம் வாங்குவதா, 50 எம்எம் வாங்குவதா? எதில் எடுத்தால் ‘இது இவர் எடுத்த படம்’ என்று பார்த்தவுடன் தெரியும்படி ஒரு ஸ்டைல் வரும்?

முதல் கேள்விக்கு: கேனான் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்குங்கள், மிச்சப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவதற்கு: எந்த லென்ஸிலும் வராது. ஏன் என்பதுதான் பெரிய கதை.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் எம்எம் (குவியத் தூரம்) அல்ல, கேமரா நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஆழவாக்கில் ஒரு 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து அரை மீட்டரில் கேமரா இருந்தால் காது 62 செ.மீ. தள்ளி இருக்கிறது, காதோடு ஒப்பிட மூக்கு கால் பங்கு பெரிதாகப் பதிவாகும். செல்ஃபியில் மூக்கு புடைத்துக் காது ஒளிந்துகொள்வது இதனால்தான். ஒன்றரை மீட்டரில் அந்த வித்தியாசம் 8 சதவீதம். மூன்று மீட்டரில் 4. ஐந்து மீட்டருக்கு அப்பால் அது கண்ணுக்கே தெரியாது. முகம் தட்டையாகி, கன்னம் அகன்று தெரியும். ஒரே இடத்தில் நின்று 18இல் எடுத்தாலும் 250இல் எடுத்தாலும் முகம் ஒன்றுதான். அதில் எவ்வளவு பகுதி சட்டத்துக்குள் வருகிறது என்பதை மட்டுமே லென்ஸ் மாற்றுகிறது. ‘85 முகத்தை அழகாக்கும்’ என்று சொல்கிறார்களே, 85 உங்களைப் பின்னால் தள்ளி நிற்கவைக்கும் என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆக, உங்களால் எவ்வளவு பின்னால் போக முடியும்? 200டியின் சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ. கேமராவை நெட்டுக்குப் பிடித்தால், 50 எம்எம்மில் தலையும் தோளும் மட்டும் வர நாலரை அடி, இடுப்புவரை எடுக்க ஆறரை அடி, முழு உருவத்துக்குத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம்விட்டுப் பதினாறு அடி தேவை. அதே படங்களுக்கு 85இல் ஏழரை, பதினொன்று, இருபத்தேழு அடி. நம் ஊர் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. உட்கார்ந்திருப்பவரைச் சுவரிலிருந்து மூன்று அடி முன்னால் கொண்டுவர வேண்டும், உங்கள் உடம்புக்கு ஒன்றரை அடி. மிச்சம் ஏழரை அடி. 85ஐ மாட்டிக்கொண்டு அந்த ஹாலில் தலையும் தோளும் தவிர வேறெதுவும் எடுக்க முடியாது. வளைகாப்புப் பெண்ணின் கை நிறைந்த வளையல் சட்டத்துக்கு வெளியே போய்விடும். 50 அங்கே இடுப்புவரை தாராளமாகப் பிடிக்கும். 200டியில் இருப்பதுபோன்ற சின்னச் சென்சாரில் (கிராப் சென்சார்) 50 என்பது ஃபிலிம் அளவுப் பெரிய சென்சாரின் (ஃபுல் ஃபிரேம்) 80க்குச் சமமான கோணம்; ‘போர்ட்ரெய்ட்டுக்கு 85’ என்ற சொலவடை பிறந்ததே ஃபுல் ஃபிரேம்காரர்களிடம். நைக்கான், சோனி கிராப் கேமராவாக இருந்தால் 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனானுக்கு 1.6.

வெளியிடத்துக்கு 85 வேண்டாமா என்றால், அதற்கு வேண்டியது உங்கள் பையிலேயே கிடக்கிறது. பேக்கிரவுண்ட் வெகுதூரத்தில் இருக்கும்போது, அது எவ்வளவு மங்கலாகும் என்பதை எஃப் எண் (லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) தனியாகச் சொல்லாது. எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 50/1.8 என்றால் சுமார் 28. 85/1.8 என்றால் 47. 250/5.6 என்றால் 45. முகம் சட்டத்தில் ஒரே அளவில் இருக்கும்வரை, இந்த எண் பெரிதானால் தொலைவிலுள்ள பொருள் அதிகம் கரையும். அதாவது நீங்கள் ‘கிட் லென்ஸ்தானே’ என்று ஒதுக்கிவைத்த 55-250ஐ 250இல் வைத்தால், 85/1.8 தரும் அதே கரைசல் கிடைக்கும். இரண்டு நிபந்தனைகள்: இடுப்புவரை எடுக்க பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எஃப் 1.8ஐவிட எஃப் 5.6 மூன்று ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சம் குறைவு, எனவே வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் ஓடாத பாலாற்று மணல் இரண்டையும் இலவசமாகத் தருகிறது. பத்து மீட்டர் பெரிதல்ல, பின்னால் அரை கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை, அதற்கப்புறம் கரைத் தென்னையும் மொட்டைப் பாறை மலையும். மாறாக, கடைத்தெருவில் ஆளுக்குப் பின்னால் ஆறடியில் பிளாஸ்டிக் குடம் தொங்கும்; அதை எந்த லென்ஸாலும் முழுசாகக் கரைக்க முடியாது. ஆளை இரண்டடி முன்னால் நகர்த்துவது ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட மேல்.

இனி 50 வந்தபிறகு எல்லோரும் செய்யும் தவறு. எஃப் 1.8இல் தொடங்கி அங்கேயே குடியிருப்பார்கள். ஐந்தடி தூரத்தில், 50 எம்எம், எஃப் 1.8 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதும் ஜிமிக்கியும் போச்சு. எஃப் 2.8இல் அது ஒன்பதரை செ.மீ., எஃப் 4இல் பதிமூன்றைத் தாண்டும். ஒருவர் முகத்துக்கு எஃப் 2.5 முதல் 2.8, மாப்பிள்ளை பெண் இருவர் என்றால் எஃப் 4, அதிலும் இருவர் கண்ணும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். எஃப் 1.8இல் வேட்டிக் கரை, வெள்ளிக் கொலுசு போன்ற பளிச்சென்ற ஓரங்களில் ஊதா, பச்சைக் கோடு விழுவதும் 2.5க்கு வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு சின்னச் சேதி: 1840இல் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் கணக்குப்போட்டு வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸின் அப்பர்ச்சரே எஃப் 3.6தான். அன்று அது பெரிய அப்பர்ச்சர். உட்கார்ந்திருப்பவர் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டிய நேரத்தைக் குறைக்கத்தான் அது வேண்டியிருந்தது, பின்னணியை வெண்ணெயாக்க அல்ல.

ஃபோகஸ் தவறுவதற்கு இன்னொரு காரணம், நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, அரை அழுத்தத்தில் வைத்துக்கொண்டே கேமராவைச் சாய்த்து ஃபிரேம் செய்யும் பழக்கம். 6 செ.மீ. ஆழத்தில் அந்தச் சாய்ப்பே ஃபோகஸைக் கண்ணுக்குப் பின்னால் தள்ளிவிடும். 200டியின் வியூஃபைண்டரில் 9 புள்ளிகள்தான். லைவ் வியூவில் திரையைத் தொட்டுக் கண்ணில் ஃபோகஸ் வைப்பது போர்ட்ரெய்ட்டுக்கு அதைவிட நம்பகம். இந்தக் கேமரா உடம்பில் லென்ஸுக்கு ஏற்ப ஃபோகஸைத் திருத்தும் வசதியும் கிடையாது. எனவே புது லென்ஸோ பழசோ, வாங்கின அன்றே சோதியுங்கள். தினத்தாளை மேசையில் விரித்து, சாய்வாக 45 பாகையில் நின்று, ஒரு தலைப்பு வரியில் எஃப் 1.8இல் வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், லைவ் வியூவில் ஐந்து படம். லைவ் வியூவில் எடுத்தது கூர்மையாகவும் வியூஃபைண்டரில் எடுத்தது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தள்ளியும் இருந்தால் லென்ஸும் உடம்பும் ஒத்துப்போகவில்லை. கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள், அல்லது லைவ் வியூவிலேயே வேலை செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கக் கண்ணாடி வழியாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ், வாங்காதீர்கள். தூசி நாலு புள்ளி இருந்தால் பரவாயில்லை. பால் பூசினது போல் மங்கல் இருந்தால் எதிர்வெயிலில் படம் வெளிறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டின பையைத் திறக்காமல் பரணில் போடுவதுதான் ஃபங்கஸுக்கு விருந்து. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். லென்ஸை அதில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் போதும். 50இன் பழைய இரண்டாம் வடிவம் இன்னும் சந்தையில் சுற்றுகிறது. அதில் அப்பர்ச்சர் இதழ் ஐந்துதான், பின்னால் எரியும் சீரியல் பல்புகள் ஐங்கோணமாகத் தெரியும். எஸ்டிஎம்மில் ஏழு வளைந்த இதழ்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். லென்ஸைவிட இதில்தான் இந்த மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. நம் அட்சரேகை ஏறக்குறைய 13 பாகை. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும். நடுவிலுள்ள மாதங்களிலும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும். புருவத்துக்குக் கீழே கண் இரண்டும் குழி. வைகாசி ஒன்றாம் தேதி உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் மஞ்சள் பூசிய முகங்களை எடுக்க ஆசைப்பட்டால், பத்து மணிக்குமேல் நடுத்தெருவில் முயலாதீர்கள். பந்தல் ஓரம், கடைச் சார்ப்பின் நிழல் விளிம்பு, அங்கே வந்து நிற்பவர்களை 55-250இல் எடுங்கள். தெருவில் அடிக்கும் வெயிலே கீழிருந்து ரிஃப்ளெக்டராகும். வெயிலில் எஃப் 1.8 வைக்கவும் முடியாது: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100இல் சுமார் 1/8000 ஷட்டர் கேட்கும், 200டி 1/4000உடன் நின்றுவிடும், படம் வெளிறும். எஃப் 2.8க்கு ஏற்றுங்கள், அல்லது 49 எம்எம் அளவில் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) ஒன்று போடுங்கள்.

மாலை வெயில் இங்கே நின்று விளையாடாது. சூரியன் கிட்டத்தட்ட நேர் கீழாக இறங்கும். அடிவானத்துக்கு 10 பாகை மேலே வந்ததிலிருந்து மறைவதற்கு 40 நிமிடம் சொச்சம்தான். உடை மாற்றுவது, பூ வைப்பது எல்லாம் அதற்குமுன் முடிந்திருக்க வேண்டும். மலைக்குக் கிழக்கே இருக்கும் தெருவென்றால் அதில் இன்னும் கால்மணி, அரைமணி போய்விடும். முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குள்ளே, டியூப் லைட்டை அணைப்பது முதல் வேலை. ஜன்னல் வெளிச்சமும் எல்இடியும் கலந்தால் முகம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் போகும், அதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. அணைக்க முடியாத மண்டபமென்றால் ஷட்டர் 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது, 1/250 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஆளை ஜன்னலிலிருந்து மூன்றடியில், வெளிச்சம் கன்னத்தில் முக்கால்வாசி விழும்படி திருப்பி உட்காரவையுங்கள். நிழல் பக்கம் இரண்டடியில் வெள்ளைத் தெர்மாகோல். நிழல் ஆழமாக வேண்டுமா, தெர்மாகோலை எடுத்துவிட்டு அங்கே கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். இந்த இரண்டாவது வித்தையை யாரும் செய்வதில்லை. வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் வெளிச்சம் நாலாபக்கமும் தெறிப்பதால், முகத்துக்கு உருவம் வர இதுதான் வழி.

பழைய வீட்டுத் திண்ணையும் வாசற்படியும் ஸ்டூடியோவுக்கு நிகர். மேலே கூரை உச்சி வெயிலை மறைக்கும், முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் வரும், கண்ணில் ஒளிப்புள்ளி விழும். ஆளைப் படிக்கு உள்ளே ஓரடி தள்ளி நிறுத்துங்கள், பின்னால் ரேழி தானாக இருட்டாகிவிடும். கவனிக்கவேண்டியது தரை. காவி போட்ட சிமென்ட் தரையென்றால் தாடைக்கடியில் சிவப்பு ஏறும்; சட்டத்துக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் தீர்ந்தது. கிளிப்பச்சைச் சுவருக்கு வேறு வழியில்லை, அதைவிட்டுத் தள்ளிப் போக வேண்டியதுதான்.

நம் தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, மாநிற முகம் என்றால் சுவருக்குப் பயந்து முகத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்புக் கதவுக்கு முன் கறுத்த முகமென்றால் நேர்மாறு, அரையிலிருந்து முக்கால் ஸ்டாப் குறையுங்கள். ரா (RAW) ஃபைலாக எடுங்கள், ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விடாதீர்கள். பகலுக்கு 5300 கெல்வின் என்று கட்டிவைத்தால் நாற்பது படமும் ஒரே நிறத்தில் பேசும். எண்ணெய் மினுங்கும் நெற்றியைப் பவுடரால் மூடுவதற்குமுன் ஒரு டிஷ்யூவால் ஒற்றிவிட்டுப் பாருங்கள். மிச்ச மினுக்கம் கறுத்த முகத்துக்கு உருவத்தையே தருகிறது. எடிட்டிங்கில் ஆரஞ்சின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்ச அளவை) ஏற்றி முகத்தை வெளுப்பாக்குவது இப்போது வாடிக்கை. அது முகத்தோடு நிற்காது. தங்கம், ஜரிகை, சந்தனம், மஞ்சள் கயிறு எல்லாம் அதே ஆரஞ்சு-மஞ்சள் பட்டையில்தான் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து வெளிறி, பவுன் பித்தளையாகிவிடும். ‘கொஞ்சம் கலரா போடுங்க’ என்று கேட்பார்கள். எக்ஸ்போஷரைச் சரியாக வைத்த ஒரு படத்தைக் கேமராவிலேயே காட்டினால் பாதிப்பேர் மறுபடி கேட்பதில்லை. மீதிப்பேருக்கு என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவும் உங்கள் ஸ்டைலில் சேர்த்திதான்.

ஸ்டைல் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுப்பது. எத்தனை அடியில் நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, பின்னணி முகத்தைவிட வெளிச்சமா இருட்டா, நிறம் எவ்வளவு. காசு கொடுத்து வாங்கும் பிரீசெட் (தயார்நிலை எடிட்டிங் அமைப்பு) இதில் கடைசி முடிவை மட்டும் தொடுகிறது, அதுவும் மேலோட்டமாக. அதனால்தான் அதை வாங்கின பத்துப்பேர் படமும் ஒன்றுபோல இருக்கிறது.

உங்களுக்கு எது ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க, லென்ஸ் வாங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கலாம். இதுவரை எடுத்ததில் உங்களுக்கே பிடித்த நூறு படங்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று கணினியில் பாருங்கள். ஏதோ ஒரு எண்ணைச் சுற்றிக் குவிந்திருக்கும். பிறகு 18-55ஐ 50இல் வைத்து, ஜூம் வளையத்தில் செல்லோடேப் ஒட்டி இரண்டு வாரம். 35இல் ஒட்டி இரண்டு வாரம். 35இல் இடுப்புவரை எடுக்க நாலரை அடிதான் தேவை. ஆளோடு பேசிக்கொண்டே எடுப்பவர்களுக்கு அந்தத் தூரம் பிடிக்கும். 50இல் ஆறரை அடியில் ஆள் கொஞ்சம் தனிமையாக உணர்வார், முகம் அமைதியாக வரும். இந்த வித்தியாசம் உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. 35தான் உங்கள் இடம் என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன 50ஐ வாங்காதீர்கள்.

ஆள் தேர்வும் பாணியின் பாதி. உங்கள் ஊரிலேயே கைத்தறிக் குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தறி அறையில் ஜன்னல் தாழ்வாக இருந்தால் வெளிச்சம் பாவு நூல் மேல் பட்டு முகத்துக்குக் கீழிருந்து ஏறும். 35 எம்எம், எஃப் 5.6, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 1600 வரை தயங்காமல் போகலாம். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மண்பாண்டம் செய்கிறவர்களின் கை முகத்தைவிடப் பேசும். இப்படி ஒரே வகை வெளிச்சத்தில் இருபது பேரை எடுத்து, நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். லேபில் ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மெஷின் ஒவ்வொரு முகத்தையும் தன் இஷ்டத்துக்கு வெளுக்கும். இருபதில் எந்த ஐந்து படம் பக்கத்திலுள்ள படத்தோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஏன் என்று எழுதிவையுங்கள். பெரும்பாலும் பின்னணி வெளிச்சமாகவோ, கேமரா உயரம் மாறியோ இருக்கும். முகம் மட்டுமென்றால் கண் உயரம், இடுப்புவரை என்றால் நெஞ்சு உயரம், முழு உருவமென்றால் இடுப்பு உயரம்: நின்றபடியே முழு உருவத்தைச் சுட்டால் கால் குட்டையாகும்.

வயதானவர்கள் கையைத் தொடையில் ஊன்றி விறைப்பாக உட்காருவதைக் கலைக்க வேண்டாம் என்பது என் கட்சி. அவர்களுக்குப் படம் என்பது அப்படித்தான். அந்த விறைப்பிலும் ஒரு ஆள் இருக்கிறார். தாடையை மட்டும் அரை அங்குலம் முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள், கழுத்து மடிப்பு போய்விடும்.

இடம் தேடும்போது இரண்டு விஷயம். வேலூர்க் கோட்டையின் கருங்கல் சுவர் அருமையான சாம்பல் பின்னணி, அகழியோரம் மாலையில் மென்மையான வெளிச்சம்; ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, ஸ்டாண்டும் விளக்கும் வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்குள் கேமராவே அனுமதியில்லை, கல்யாண ஜோடியை அழைத்துக்கொண்டு போய் ஏமாந்து திரும்பாதீர்கள்.

மிச்சப் பணத்தில் 50க்கு ஒரு ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) வாங்குங்கள். மாலை எதிர்வெயிலில் அது இல்லாமல் படம் புகைந்துவிடும். மலிவான யுவி ஃபில்டர் வேண்டாம், விளக்குகளுக்குப் பேய் நிழல் உண்டாக்குவதே அதன் முக்கிய வேலை. இரண்டு தெர்மாகோல், ஒரு கறுப்புத் துணி, என்டி ஃபில்டர், உபரி பேட்டரி. மண்டபத்தில் முழுக் குடும்பமும் ஒரே படத்தில் வேண்டும் என்பார்கள். அதற்கு 18-55 போதும், 24க்குக் கீழே போகாமல், எஃப் 5.6இல், ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் இழுபடாதபடி இருபக்கமும் ஓரடி காலிவிட்டு எடுங்கள்.